செக்கின் பின்பக்கத்தில் போட்ட கையெழுத்து

என் அக்கா என்னைவிட ஒன்பது வயது மூத்தவள். அம்மா இறந்தபோது எனக்கு நாலு வயது. அக்கா அந்த வருஷமே தேயிலைத் தோட்டத்தில் பேர் பதிந்து கொழுந்தெடுக்கப் போனாள். அப்பாவின் சம்பளம் அரிசிக்கும் பழைய கடனுக்கும் சரியாகப் போய்விடும். என்னை மலைநாட்டு நகரமான ஹட்டனில் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பியதும், சப்பாத்து வாங்கித் தந்ததும், பரீட்சைக்குப் பணம் கட்டியதும் அக்கா ஞாயிற்றுக்கிழமைகளில் அன்றன்றைக்குக் கிடைக்கும் கைக்காசுக்குப் பறித்த கொழுந்தில்தான். நான் பயிற்சி முடித்து கொட்டகலையில் ஆசிரியையாகச் சேர்ந்த அன்று, என் முதல் கையெழுத்தைப் பள்ளி வரவு இடாப்பில் போடுவதைப் பார்க்க வேண்டுமென்று அரைநாள் பேரையும் அதற்கான கூலியையும் விட்டுவிட்டு வந்து வாசலில் நின்றாள்.

இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இனி நான் எழுதப் போவது அவள்மேல் எனக்கு இருக்கும் குறை. இதைச் சொல்லாமல் அதை மட்டும் சொன்னால் நியாயமாக இருக்காது.

அக்கா ஒரு கடைக்காரருக்கு வாழ்க்கைப்பட்டாள். ஹட்டன் பஜாரில் மச்சானுக்கு ஜவுளிக்கடை இருந்தது. சேலை, வேட்டி, கொழுந்துப் பெண்கள் தலையில் போட்டுக்கொள்ளும் கம்பளி, மழைக்குக் கட்டும் படங்கு எல்லாம் அங்கே கிடைக்கும். கல்யாணத்துக்குப் பிறகு அக்கா கூடையைத் தொடவில்லை. மூன்று பிள்ளைகள் பிறந்தார்கள். டிக்கோயா பாதையில் தகரக் கூரை போட்ட வீடொன்றையும் கட்டினார்கள். நான் கொட்டகலையில் இன்னொரு ஆசிரியையோடு ஓர் அறையில் இருந்தேன். மாதச் சம்பளம், சேமிப்புப் புத்தகம், நாலு வளையல், ஒரு சங்கிலி. அப்போது என்னிடம் இருந்தது அவ்வளவுதான். அதையே பெரிதாக நினைத்திருந்தேன்.

அறுபதுகளின் தொடக்கத்தில் ஓர் ஆகஸ்ட் மாதம். பள்ளி விடுமுறை தொடங்கிய முதல் நாள். அக்காவும் மச்சானும் பஸ் பிடித்து என் அறைக்கு வந்தார்கள். அக்கா ஒரு ரவிக்கைத் துணியும் ஒரு சீப்பு வாழைப்பழமும் கொண்டுவந்தாள். வந்ததும் வராததுமாக என் பின்னலை அவிழ்த்து எண்ணெய் தடவத் தொடங்கினாள்.

மச்சான் கட்டிலோரத்தில் உட்கார்ந்து, சட்டைப் பையிலிருந்து ஒரு செக்கை எடுத்தார். இரண்டாயிரத்து நானூறு ரூபாய். தேதி டிசம்பர் முதலாம் தேதி.

"தீபாவளிக்கு சரக்கு எடுக்கணும். முதலாளி முன்ன மாதிரி கடனுக்குக் குடுக்க மாட்டேங்குறாரு. செக்கு தாரேன், தீபாவளி முடிஞ்சு மாத்திக்கங்கன்னேன். 'ஒன் செக்க மட்டும் வச்சு நான் என்ன பண்றது? பின்னாடி டீச்சரம்மா ஒரு கையெழுத்துப் போட்டா எடுத்துக்கிட்டுப் போ'ங்குறாரு."

முதலாளி என்றால் ஹட்டனில் மொத்தமாகத் துணி விற்ற ஒரு பெரியவர். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து சிறுவயதில் வந்தவர். அவருடைய பேத்திகள் இருவருக்கும் நான் சனிக்கிழமைகளில் கணக்கும் ஆங்கிலமும் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். அவர் ஒரு நாளும் என்னை உட்காரச் சொல்லாமல் பேசியதில்லை.

"நான் போட்டா அதுக்கு என்ன அர்த்தம், மச்சான்?" என்று கேட்டேன்.

"அர்த்தம் என்ன அர்த்தம்? நம்ம ஆளுதான்னு ஒரு சாட்சி. அவ்வளவுதான்."

எனக்குத் தயக்கம் இருந்தது. செக்கைத் திருப்பிப் பார்த்தேன். பின்பக்கம் வெறுமையாக இருந்தது. அக்கா என் தலையிலிருந்து கையை எடுக்காமல் சொன்னாள்:

"போட்டுக் குடு, தங்கச்சி. ஒனக்கு ஒண்ணு வர நான் விட்ருவேனா?"

நான் போட்டேன். பள்ளி இடாப்பில் போடும் அதே கையெழுத்து. மை காயும்வரை மச்சான் செக்கை விரலால் பிடித்து ஊதிக்கொண்டிருந்தார். பிறகு மூவரும் பழம் சாப்பிட்டோம்.

அந்த வருஷம் தீபாவளிக்கு மச்சானின் கடையில் நிற்க இடமில்லை. தோட்டங்களில் தீபாவளி முன்பணம் கொடுத்த அடுத்த நாள் முதல் தொழிலாளர் குடியிருப்புகளான லயங்களிலிருந்து ஆட்கள் வரிசையாக வந்தார்கள். மற்றக் கடைகளைவிட சேலைக்கு இரண்டு ரூபாய் குறைவு என்று எங்கள் பள்ளிப் பிள்ளைகள்கூடச் சொன்னார்கள். எடுத்த விலைக்கும் குறைவாக அவர் விற்றுக்கொண்டிருந்தார் என்பது அப்போது எனக்குத் தெரியாது. கூட்டத்தைப் பார்த்து, செக்குக்குப் பணம் சேர்ந்துவிட்டது என்று சந்தோஷப்பட்டேன்.

டிசம்பர் முதல் வாரம். நாலாம் வகுப்புப் பிள்ளைகளை அனுப்பிவிட்டு, அவர்களின் கொப்பிகளைத் திருத்திக்கொண்டிருந்தேன். நல்ல மழை. ஜன்னல் வழியாகப் பார்த்தால், முதலாளி குடையோடு பள்ளிக்கூட மண்டபத்து ஓரத்தில் நின்றுகொண்டிருந்தார். வேட்டி முழங்கால்வரை நனைந்திருந்தது. ஹட்டனிலிருந்து பஸ்ஸில் வந்திருக்கிறார். மழையென்று மற்ற ஆசிரியர்கள் சீக்கிரமே வகுப்பை விட்டுப் போயிருந்தார்கள். நான் வெளியே வந்தேன்.

"டீச்சரம்மா, செக்கு திரும்பி வந்துருச்சு."

அவர் காட்டிய துண்டுக் கடுதாசியில், எழுதியவரிடம் கேட்டுக்கொள்ளவும் என்று ஆங்கிலத்தில் இருந்தது. நான் அதை அவருக்குத் தமிழில் சொன்னேன்.

"பேங்குல சொன்னாங்க. அதுல காசு இல்லேன்னு அர்த்தமாம். நேத்துத்தான் வந்துச்சு. நீங்க பின்னாடி போட்டிருக்கீங்க, ஒங்ககிட்ட ஒடனே சொல்லிடணும்னாங்க. அதான் வந்தேன்."

"மச்சான்கிட்ட கேட்டீங்களா?"

"கடையில ஆள் இல்லம்மா." குடையை மறுபடி விரித்தார். "நான் அவன நம்பிக் குடுக்கலம்மா."

நான் அன்றே ஹட்டனுக்குப் போனேன். கடையின் ஒரு கதவு மட்டும் திறந்திருந்தது. தட்டுகள் காலி. வீட்டில் அக்கா பிள்ளைகளுக்குச் சோறு போட்டுக்கொண்டிருந்தாள். மச்சான் கொழும்புக்குப் போயிருப்பதாகச் சொன்னாள்.

"வியாபாரம்னா முன்னப் பின்ன இருக்கும். பொங்கலுக்குள்ள கட்டிருவாரு. நீ சாப்பிடு."

சாப்பிட்டேன். அவள் சொன்னதை நம்பித்தான் சாப்பிட்டேன்.

பொங்கல் முடிந்தும் பணம் வரவில்லை. முதலாளி பொலிசுக்குப் போனார். செக் கொடுத்து ஏமாற்றியவனைப் பிடித்து உள்ளே போடுவார்கள் என்றுதான் பஜாரில் எல்லோரும் நினைத்தார்கள். பொலிஸ் அதிகாரி செக்கை வாங்கிப் பார்த்துவிட்டு, ஆகஸ்டில் வாங்கிய செக்கில் டிசம்பர் தேதி ஏன் என்று கேட்டாராம். அன்றைக்கு வங்கியில் பணம் இல்லை, பிறகுதான் வரும் என்று உமக்கும் தெரியும்தானே, அப்படியானால் இது பின்னால் தருகிறேன் என்ற வாக்கு, வாக்குத் தவறினால் அது மோசடிக் குற்றமாகாது, சிவில் வழக்குப் போடும் என்று அனுப்பிவிட்டார்.

வழக்குப் போடுவதற்குள் மச்சான் முந்திக்கொண்டார். நுவரெலியா கோர்ட்டில், தன்னால் கடன் கட்ட முடியாது, தன்னை வங்குரோத்தானவன், அதாவது நொடித்துப்போனவன் என்று அறிவிக்க வேண்டும் என்று மனு கொடுத்தார். அதோடு கடன் கொடுத்தவர்கள் யாரும் அவரைத் தனியாகப் பிடித்து உலுக்க முடியாது. இருப்பதைக் கோர்ட்டு எடுத்து எல்லோருக்கும் பங்கு போடும். பஜாரில் சிலர் அவரைத் திட்டினார்கள். சிலர் கெட்டிக்காரன் என்றார்கள்.

இரண்டு வாரம் கழித்து என் பெயருக்கு ஒரு கோர்ட்டுக் கடுதாசி வந்தது. முதலாளி என்மேல் வழக்குப் போட்டிருந்தார்.

அதைக் கையில் வைத்துக்கொண்டு ஹட்டனில் ஒரு புரொக்டரிடம், வழக்குப் பார்ப்பவரிடம், போனேன். யாழ்ப்பாணத்துக்காரர். கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு எல்லாவற்றையும் நிதானமாக வாசித்தார்.

"பிள்ளை, செக்கின்ரை பின்பக்கத்திலை கையெழுத்துப் போட்டனீரோ?"

"போட்டேங்க. சாட்சிக்குன்னு சொன்னாங்க."

"சாட்சி இல்லை. எழுதினவன் காசு குடுக்காட்டி நான் குடுப்பன் எண்டுதான் அதுக்கு அர்த்தம்."

"அவருதான் வங்குரோத்துன்னு கோர்ட்டுக்குப் போயிட்டாருங்களே. அவருக்கே கடன் இல்லன்னு ஆகப்போவுது. எனக்கு மட்டும் எப்படிங்க?"

அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "கோர்ட்டு அவரைத்தான் விடும். கூடக் கையெழுத்துப் போட்ட ஆக்களை விடாது. சட்டம் அப்படித்தான். நீர் கட்டி முடிச்சால், கட்டின காசுக்கு நீரும் அவரின்ரை கடன்காரர் வரிசையிலை போய் நிக்கலாம். அந்த வரிசையிலை என்ன கிடைக்கும் எண்டு நான் சொல்லத் தேவையில்லை."

எனக்கு அழுகை வரவில்லை. கோர்ட்டுக் கடுதாசியை மடித்துப் பைக்குள் வைத்தேன். அவர் குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"ஒரு விசயம். செக் திரும்பினதை உடனை உமக்கு அறிவிச்சிருக்கவேணும். அறிவிக்காட்டி உம்மைப் பிடிக்கேலாது. கடிதம் ஏதும் வந்ததோ?"

"கடிதம் வரல. அவரே வந்து சொன்னாரு. மழையில வந்தாரு."

"ஆரும் பாத்தவையோ?"

"இல்லைங்க."

அவர் பேனாவை மூடினார். "நான் உம்மைப் பொய் சொல்லச் சொல்லேல்லை. சாட்சி இல்லை எண்டதை மட்டும் சொல்லுறன். யோசிச்சுப் பாரும்."

கொட்டகலைக்குத் திரும்பும் பஸ்ஸில் அதைத்தான் யோசித்தேன். அன்று யாரும் வரவில்லை என்று ஒரு வாக்கியம் சொன்னால் போதும். என் வளையல் என்னிடம் இருக்கும். அந்த நினைப்பு எனக்கு அருவருப்பாக இருந்தது என்று எழுதினால் நன்றாகத்தான் இருக்கும். உண்மையில் ஆறுதலாக இருந்தது. அன்றிரவு நிம்மதியாகத் தூங்கினேன்.

மச்சானின் விசாரணை நுவரெலியாவில் நடந்தது. கடன்காரர்கள் வரலாம் என்றார்கள். பனி விலகாத காலையில் லீவு போட்டுவிட்டுப் போனேன். கோர்ட்டில் ஐந்தாறு வியாபாரிகள் இருந்தார்கள். முதலாளி முன்வரிசை வாங்கில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் கும்பிட்டார். அக்கா பெண்கள் பக்கத்தில் இருந்தாள். நான் போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

கேள்விகள் ஆங்கிலத்தில். மொழிபெயர்ப்பாளர் தமிழில் கேட்பார், மச்சான் தமிழில் பதில் சொல்வார். எனக்கு ஆங்கிலம் தெரியும். அதனால் ஒவ்வொன்றையும் இரண்டு தடவை கேட்டேன்.

கடன்காரர்கள் சார்பில் வந்த வக்கீல் கேட்டார்: "டிக்கோயா பாதையிலுள்ள வீடு யாருடையது?"

"என் சம்சாரத்துடையதுங்க."

"எப்போதிலிருந்து?"

"போன வருஷம் எழுதிக் குடுத்தேன். அவ போட்டு வந்த நகைய வித்துட்டேன். அதுக்குப் பதிலா."

வக்கீல் ஓர் உறுதிப் பத்திரத்தை எடுத்து வாசித்தார். ஜூலை பதினோராம் தேதி. எழுதிக் கொடுத்தவர் அவர், வாங்கியவர் மனைவி. மனைவியின் கையெழுத்தும் இருக்கிறது.

"தீபாவளிக்கு விற்ற காசு என்னவாயிற்று?"

"வீட்டு மேல இருந்த அடமானத்த மீட்டேங்க."

ஜூலை பதினொன்று. என் பள்ளி விடுமுறை ஆகஸ்டில் தொடங்கியது. அவர்கள் என் அறைக்கு வந்தபோது வீடு ஏற்கெனவே பத்திரமாகிவிட்டது. அக்கா தன் பெயரில் அதை வாங்கிக் கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் எனக்கு எண்ணெய் தடவ வந்திருக்கிறாள். முதலாளியின் துணி மூட்டைகள் அவள் வீட்டு அடமானத்தை மீட்ட காசாக மாறிப் போயிருந்தன. இடையில் நின்றது நான் போட்ட கையெழுத்து.

அதுவரை மச்சான் எங்கள் இருவரையும் ஏமாற்றிவிட்டார் என்றே நினைத்திருந்தேன். அக்காவுக்காகப் பாவப்பட்டும் இருந்தேன்.

அவள் கையிலிருந்து என் கையை எடுத்தேன். வெளியே வந்து படிக்கட்டுப் பக்கம் நின்றேன். அவள் பின்னாலேயே வந்தாள்.

"அக்கா, கையெழுத்து கேக்க வந்தப்பவே ஒனக்குத் தெரியுமா?"

"மெதுவாப் பேசு. ஆளுங்க பாக்குறாங்க."

"தெரியுமா, தெரியாதா?"

அவள் சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். "கட முழுகிரும்னு தெரியும். ஒனக்கு வரும்னு அப்ப நெனைக்கல. வந்தாலும் ஒனக்கு மாசம் சம்பளம் வருது. நீ தனி ஆளு. எனக்கு மூணு புள்ளைங்க. வீடும் போனா திரும்ப லயத்துக்குத்தான் போவணும். அங்க போயி நான் பேர் பதிஞ்சு கொழுந்துக் கூடயத் தூக்கவா?"

"அத என்கிட்ட சொல்லியிருக்கலாமே. கேட்டிருந்தா குடுத்திருப்பேன்ல?"

"கேட்டா நீ யோசிப்ப. படிச்சவ." பிறகு என் முகத்தைப் பார்த்தாள். "ஒன்னப் படிக்க வச்சது யாரு?"

நான் படியிறங்கி பஸ் நிலையத்துக்கு நடந்தேன். அவள் கூப்பிடவில்லை. வழி நெடுக அந்தக் கேள்வியே காதில் இருந்தது. எனக்காக அவள் பறித்த ஒவ்வொரு ராத்தல் கொழுந்தும் அவள் மனத்தில் கணக்காக இருந்திருக்கிறது. நானோ அதை அன்பு என்று மட்டும் வைத்துக்கொண்டிருந்தேன். இரண்டுமாக இருந்திருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது. அன்று அப்படித் தோன்றவில்லை.

என் வழக்கு அடுத்த மாதம் வந்தது. கூண்டில் ஏறினேன். முதலாளி ஏற்கெனவே சாட்சி சொல்லியிருந்தார், பள்ளிக்கூடத்துக்கு நேரில் வந்து சொன்னேன் என்று. பார்த்தவர் யார் என்று கேட்டதற்கு, யாரும் இல்லை என்றார். என்னிடம் கேட்டார்கள்: "செக் திரும்பியதை இவர் உமக்கு அறிவித்தாரா?"

என் புரொக்டர் மேசையையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குள் ஒரு கோபம் இருந்தது. என்னை எல்லோரும் ஏமாற்றியாயிற்று, நான் மட்டும் ஏன் நேர்மையாக நிற்க வேண்டும் என்ற கோபம். வாயைத் திறந்தபோதுகூட என்ன சொல்லப் போகிறேன் என்று எனக்கே தெரியாது.

"வந்தார். டிசம்பர் முதல் வாரம் வந்தார்" என்றேன்.

முதலாளி தலையைக் குனிந்துகொண்டார். நான் அப்படிச் சொன்னது நேர்மையாலா, அந்த ஈரவேட்டி கண்ணில் நின்றதாலா, அல்லது அக்கா செய்ததை நானும் செய்யக் கூடாது என்ற வீம்பாலா என்று இன்றுவரை தெரியவில்லை. புரொக்டர் வெளியே வந்து, "சரி, இனிக் கட்டத்தான் வேணும்" என்று மட்டும் சொன்னார். கட்டணத்தில் பாதியை அவர் வாங்கவில்லை.

வளையல் நாலையும் சங்கிலியையும் விற்றேன். சேமிப்புப் புத்தகத்தில் ஐந்து ரூபாய் மட்டும் மிச்சம் வைத்தேன். மீதியை மாதம் நாற்பது ரூபாயாகக் கட்ட கோர்ட்டு அனுமதித்தது. பேசிக்கொண்டிருந்த ஒரு சம்பந்தம், பெண்மேல் கோர்ட்டு வழக்காம் என்று நின்றுபோனது. பள்ளிக்கூடத்தில் யாரும் நேரில் ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் தலைமை ஆசிரியர் பால்மா விநியோகக் கணக்கை என்னிடமிருந்து வாங்கி வேறொருவரிடம் கொடுத்தார். அது அக்கா செய்ததற்கு அடுத்தபடியாக வலித்தது.

மச்சானுக்குக் கோர்ட்டு விடுதலைச் சான்றிதழ் கொடுத்தது. அதில் மூன்று வகுப்புகள் உண்டாம். தன் தவறில்லாமல் நொடித்தவனுக்கு முதல் வகுப்பு, பாதித் தவறுக்கு இரண்டாவது, அதற்கும் கீழே மூன்றாவது. மச்சான் மூன்றாம் வகுப்பில் தேறினார். மூன்றாம் வகுப்பானாலும் கடன் போனது போனதுதான். வீட்டு உறுதியை ரத்துச் செய்யத் தனி வழக்குப் போடலாம் என்றார்கள். அதற்குச் செலவு செய்ய வியாபாரிகள் யாரும் முன்வரவில்லை. கடைச் சாமானை ஏலம் போட்டு, ரூபாய்க்கு ஒன்பது சதம் பங்கு வந்தது. முதலாளி தன் பங்கை என் பாக்கியில் கழித்துக்கொள்ளச் சொன்னார்.

முதலாளிக்கு இலங்கைப் பிரஜாவுரிமை கிடைக்கவில்லை. இருப்பதற்குக் கொடுத்திருந்த அனுமதியும் முடிந்தது. நான் பாதி கட்டியிருந்த நேரத்தில் இந்தியாவுக்கே திரும்பப் புறப்பட்டார். ஹட்டன் ஸ்டேஷனுக்குப் போனேன். பேத்திகள் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்கள். அவர் சொன்னார்:

"மிச்சத்த விட்ருங்கன்னு சொல்ல எனக்கும் மனசு இருக்கும்மா. ஆனா அங்க போயி நான் மொதல்லேருந்து ஆரம்பிக்கணும்."

"நீங்க விட வேணாம், ஐயா. நான் கட்டிருவேன்."

"தெரியும்மா" என்றார். ரயில் வந்தது.

மீதியை அவருடைய வக்கீல் மூலம் கட்டி முடித்தேன். கடைசி ரசீது வந்த அன்று ஒரு சந்தோஷமும் இல்லை. தலைவலி என்று சொல்லிப் படுத்துக்கொண்டேன்.

அதற்கு அடுத்த வருஷம் அக்காவின் மூத்த மகள் பெரிய மனுஷியானாள். அக்காவே பத்திரிகையோடு வந்தாள். மச்சான் அக்காவின் பெயரில் மறுபடி சின்னதாகக் கடை போட்டிருந்தார். அக்கா கொஞ்சம் இளைத்திருந்தாள். தேநீர் ஊற்றிக் கொடுத்தேன். குடித்தாள்.

"தாய்மாமன் இல்லாத வீடு. நீதான் முன்னால நிக்கணும்" என்றாள்.

அந்த விஷயத்தை அவளாகப் பேசுவாள் என்று காத்திருந்தேன். ஒரு வார்த்தை, தப்புப் பண்ணிட்டேன் என்றோ, என்னால வேற வழி பாக்க முடியல என்றோ சொல்லியிருந்தால் போதும். அவள் மழையைப் பற்றியும், சீனி விலையைப் பற்றியும், இளையவன் படிக்க மாட்டேன் என்று அடம்பிடிப்பதைப் பற்றியும் பேசினாள். நான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

சடங்குக்குப் போனேன். அதற்கெல்லாம் அந்தப் பிள்ளை என்ன செய்யும்? அந்த வீட்டின் முன்னறையில், சிவப்புச் சிமெந்துத் தரையில், பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டேன். அக்கா எனக்கு மட்டும் இரண்டாவது தடவை பாயசம் ஊற்றினாள். போதும் என்று இலையை மூடிவிட்டு எழுந்தேன். கடைசி பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று சொல்லிக்கொண்டு வந்துவிட்டேன். உண்மையில் பஸ்ஸுக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது.